சொல்லிட்டுப் போங்க

பிள்ளை அழும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்கிற நர்சரி ஸ்கூலை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். தண்டையார்பேட்டையில், எங்கள் மளிகைக் கடைக்கு நாலைந்து தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் முன்னறைகள் இரண்டில் அது நடந்தது. மற்ற நர்சரிக்காரர்கள் ஏசி, டான்ஸ், மூன்றே மாதத்தில் இங்கிலீஷ் என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மிஸ்ஸோ என்னை ஒரு குட்டி நாற்காலியில் உட்காரவைத்து, என் மகளுக்கு என்னென்ன கஷ்டம் வரும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

முதல் நாள் சிரித்துக்கொண்டே வருவாளாம், அதை நம்பக் கூடாதாம். இது தினமும் நடக்கப்போகிற சங்கதி என்று மறுநாள்தான் அவளுக்கு விளங்குமாம், அப்போது அழுவாளாம். படுக்கையில் மூத்திரம் போவதை விட்டிருந்த பிள்ளை மறுபடி போகும். சளி பிடிக்கும், விட்ட கையோடு திரும்பவும் பிடிக்கும். ஏதாவது ஒரு பிள்ளை இவளைக் கடிக்கும், இவளும் யாரையாவது கடிப்பாள், அதற்காக இரண்டு அம்மாக்களும் வாசலில் குடுமிப்பிடி சண்டை போடக் கூடாது. டப்பாவில் வைத்த சோறு வைத்தபடி திரும்பி வரும். கொஞ்ச நாள் போனால் வீட்டுக்கு வந்து, உன்னைப் பிடிக்கல, மிஸ்ஸத்தான் பிடிச்சிருக்கு என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்வாள். அன்றைக்கு நான் அழுவேனாம்.

"இதெல்லாம் நடக்கும்மா. நடக்காதுன்னு எவனாவது சொன்னான்னா அவன் ரீல் வுடுறான்" என்று முடித்தார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எங்களுக்கு ஊர் உடன்குடிப் பக்கம். கல்யாணமாகி இந்தப் புகைக்காட்டுக்கு வந்து, கோயில் குளமெல்லாம் ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை. அவளைச் சேர்க்கப் போன இடத்தில் இப்படி அபசகுனமாகப் பேசினால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் கடைக்குப் பக்கத்தில் வேறு பள்ளி இல்லை. சேர்த்துவிட்டு வந்தேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் நடந்தது. நான் அழுததும் நடந்தது.

மிஸ் ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. நூல் புடவையை எப்போதும் இடுப்பில் இழுத்துச் செருகியிருப்பார், குரல் கரகரவென்று இருக்கும். ரயில்வேயில் இருந்த அப்பா கட்டிய வீடு அது; அப்பாவும் அம்மாவும் போன பிறகு தனியாக இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயபுரத்துக்கு மாதா கோயிலுக்குப் போவார். ஆயா முதல் அப்பாமார் வரை எல்லோருக்கும் அவர் மிஸ்தான்.

பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது தமிழும் இங்கிலீஷும் கணீரென்று இருக்கும். கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் பேச்சில் ராயபுரம் வந்துவிடும். பையன் வீட்டில் 'இன்னா' என்று பேசுகிறான் என ஒரு அப்பா புகார் சொல்ல வந்தார். கம்ப்யூட்டர் வேலைக்காரர், கழுத்தில் அட்டை தொங்கியது. மிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவன் இன்னான்னு கேட்டா நீ பதில் சொன்னியா இல்லியா, அதச் சொல்லு முதல்ல என்றார். அந்த மனிதர் அடுத்த மாதமே பையனை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார். மிஸ்ஸுக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

அவர் பிள்ளைகளிடம் பொய் சொல்ல மாட்டார். பெரியவர்களிடம் சொல்வாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. பிள்ளைகளிடம் மாட்டார். ஊசி போட வந்த நர்ஸம்மா ஒரு குழந்தையிடம் வலிக்காதுடா கண்ணு என்று சொல்லப்போக, பக்கத்திலிருந்த மிஸ், வலிக்கும், நல்லாவே வலிக்கும், நீ அழலாம், அப்புறம் போய்டும் என்றார். நர்ஸம்மா முறைத்தார். குழந்தை அழுதுகொண்டே கையை நீட்டியது.

சில நேரம் அது பார்க்கவே பயமாக இருக்கும். மூன்று வயதாகியும் பேச்சு வராத ஒரு பையனின் அம்மா, சீக்கிரம் பேசிடுவான்தானே மிஸ் என்று கெஞ்சுகிற மாதிரிக் கேட்டாள். ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்குத் தெரியாது, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு போ என்றார். பையன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், அவன் காதுபடப் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் வாசலில் நின்று அழுதது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு நான் மனசுக்குள் திட்டினேன்.

பள்ளியில் சட்டம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்: சொல்லிட்டுப் போங்க. பிள்ளை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நழுவுகிற வேலையெல்லாம் அங்கே நடக்காது. குனிந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒன்று, போறேன். இரண்டு, இன்ன நேரத்துக்கு வருவேன். பிள்ளைகளுக்குக் கடிகாரம் தெரியாது என்பதால் நேரத்தை அவர்கள் கணக்கில் சொல்ல வேண்டும். பாட்டு முடிந்ததும், சோறு சாப்பிட்டதும், இப்படி. சொன்னால் வந்தாக வேண்டும். பிந்தி வந்தவர்கள் மிஸ்ஸிடம் காரணம் சொன்னால் காதில் வாங்க மாட்டார், பிள்ளையிடம் சொல்லு என்பார்.

இரண்டாவது வாக்கியம் யாருக்கும் சிரமமில்லை. முதல் வாக்கியம்தான் தொண்டையில் மாட்டும். எங்கள் பக்கத்தில் எழவு வீட்டிலிருந்து கிளம்பினால் சொல்லிக்கொள்ளாமல் வருவோம். மற்றபடி எங்கே கிளம்பினாலும் 'போயிட்டு வாரேன்'தான். வெறுமனே 'போறேன்' என்று சொன்னால் என் மாமியார் வாயிலேயே போடுவார். எல்லா வீட்டிலும் அப்படித்தானே? நான் தயங்கி நின்றபோது மிஸ் விடவில்லை.

"நீ போறத அது கண்ணால பாத்துக்கினு கீது. வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கினே போனா அதுக்கு இன்னா புரியும்? போறேன்னு சொல்லு. எப்போ வருவேன்னு சொல்லு. ரெண்டயும் சொல்லு."

மென்று விழுங்கிச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் மூச்சு விடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. ஒரு நாள் எனக்கு உடம்பு சரியில்லை என்று அவர் கொண்டுபோய் விட்டார். மகள் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மிட்டாய் வாங்கிட்டு வந்துருதேன் என்று சொல்லிவிட்டு, மிஸ் உள்ளே போன சமயமாகப் பார்த்து, வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில், கடையில் கூட்டம் இருக்கும்போதே, மிஸ் என் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து நின்றார். மற்ற பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொண்டாளாம்.

உங்கப்பா மிட்டாய் வாங்கப் போனவரு இன்னும் வர்லன்னு பாப்பா கேக்குது என்றார். இவர் அசடு வழிந்துகொண்டு ஜாடியிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டினார். மிட்டாய் ஆச்சு, இப்ப நெசத்தச் சொல்லுங்க என்றார் மிஸ். துவரம் பருப்பு கேட்டு நின்றவர்கள், எண்ணெய்க்கு நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, அப்பா கடையில வேலை பாக்கப் போறேன், நீ சோறு சாப்பிட்டதும் அம்மா வருவா என்று சொன்னார். மகள் தலையை ஆட்டிக்கொண்டு மிட்டாயோடு திரும்பிப் போனாள். டீச்சரா இவ, போலீஸா என்று ஒரு வாரத்துக்குப் புலம்பினார் மனுசன். ஆனால் அதற்குப் பிறகு மகள் யார் காலையும் கட்டிக்கொள்ளவில்லை. அழுவாள், அழுதுகொண்டே உள்ளே போவாள். அம்மா வருவாள் என்று அவளுக்குத் தெரியும்.

கிஷோரின் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல முடியாது. சின்ன வயசுப் பெண், கலகலவென்று பேசுவாள். புருஷன் ஹார்பரில் லோடு வேலை. இவள் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அபார்ட்மென்டில் இரண்டு வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கிவிட்டு, பள்ளி விடுகிற நேரத்துக்கு ஓடி வருவாள். நாங்கள் எல்லோரும் 'போறேன்' என்பதை முனகிக்கொண்டிருக்க, அவள் ஒருத்திதான் வாய் நிறையச் சொல்வாள். போறேன்டா ராசா, நீ சோறு சாப்ட்டதும் வந்துருவேன் என்று பையன் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடுவாள். பையனும் சிரித்துக்கொண்டே கையசைப்பான்.

அன்றைக்கும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரி.

கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போட்டது போட்டபடி பள்ளிக்கு ஓடினேன். மற்ற பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். என் மகளும் கிஷோரும் கேட்டை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் காலி டப்பாவைத் திறந்து என்னிடம் காட்டினான். எல்லாத்தையும் சாப்ட்டேன் என்றான். நான் மிஸ்ஸை உள்ளே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் குட்டி நாற்காலி ஒன்றில் அப்படியே உட்கார்ந்தார்.

கிஷோரின் அத்தை, அவன் அப்பாவின் அக்கா, முகமெல்லாம் வீங்கிப் போய் வந்து நின்றாள். அம்மா ஊருக்குப் போயிருக்கு ராஜா, நாலு நாள்ல வந்துரும் என்றாள். மிஸ் விருட்டென்று எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னைக்கு வேண்டாம் மிஸ் என்றேன். பாவம், அன்றைக்கு விட்டுவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்ததும் பையன் மறுபடி பள்ளிக்கு வந்தான். அப்பா வேலைக்குப் போக வேண்டும், வள்ளூரிலிருந்து அத்தை வந்துசேர மத்தியானம் ஆகிவிடும், அதுவரை அவனை விட வேறு இடமில்லை. வந்தவன், சோறு சாப்பிட்டதும் பையை எடுத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் போய் உட்கார்வான். அத்தை வந்து கூப்பிட்டால் போக மாட்டான், அம்மா வரும் என்பான். கையையும் காலையும் உதைத்து அழுகிறவனைத் தினமும் இழுத்துக்கொண்டுதான் அவள் போவாள். வேறொரு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நாலு நாளில் நம்பிக்கை விட்டுப்போயிருக்கும். வீட்டில் தினம் பத்துப் பொய் கேட்டு வளர்கிற பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பேச்சு எவ்வளவு பெறும் என்று தெரியும். இவன் மிஸ்ஸின் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அங்கே வருவேன் என்றால் வந்திருக்கிறார்கள், ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருக்கிறார்கள். அவன் ஏன் சந்தேகப்படப் போகிறான்?

மிஸ் அவர்கள் வீட்டுக்குப் போனார். பையனிடம் சொல்லிவிடு, அப்பன் நீதான் சொல்லணும் என்று கேட்டார். அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு அழுதானாம், என் வாயால சொல்ல முடியாது மிஸ் என்றானாம். அத்தைக்காரிதான் பொரிந்து தள்ளியிருக்கிறாள்.

"தெனம் அவள போறேன் போறேன்னு சொல்ல வெச்சது நீதானேம்மா? சொல்லிச் சொல்லியே போய்ட்டா. இப்போ புள்ளைக்கு வேற சொல்லணுமா உனக்கு?"

இந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவியது. என் மாமியார் காதுக்கும் வந்தது, நானும் இத்தனை நாள் போறேன் என்று சொன்னது தெரிந்து, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார். மறுநாளிலிருந்து பள்ளி வாசலில் எல்லா அம்மாக்களும் போயிட்டு வர்றேன், போயிட்டு வர்றேன் என்று சத்தமாகவே சொன்னோம். நானும்தான் சொன்னேன், பயமாக இருந்தது. மிஸ் ஒருத்தரையும் திருத்தவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். அவர் எங்களைத் திட்டியிருந்தால் கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குள் பையன் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தான். காலையில் உள்ளே வந்ததும் வராததுமாக டப்பாவைத் திறந்து சோற்றை அள்ளி அள்ளி வாயில் அடைத்துக்கொள்வான். புரையேறும், வாந்தி எடுப்பான், மறுபடி தின்பான். தின்று முடித்துப் பெஞ்சுக்கு ஓடுவான். சோறு சாப்பிட்டதும் வருவேன் என்றுதானே அம்மா சொன்னாள்? இவன் சரியாகச் சாப்பிடாததால்தான் அம்மா வரவில்லை என்று அந்தப் பிஞ்சு மனசு கணக்குப் போட்டிருக்கிறது. இதை ஆயாதான் என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கே மிஸ் அப்பனுக்குச் சொல்லியனுப்பினார். வந்து நீ சொல்லு, இல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்று. அவன் மறுநாள் மத்தியானம் வேலை உடுப்போடே வந்தான். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றான், வாயைத் திறந்தான், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மிஸ் தரையில் உட்கார்ந்தார்.

"கிஷோரு, அம்மா ஊருக்குப் போகல. அம்மா செத்துப் போச்சு. இனிமே வராது."

"சோறு சாப்ட்டா?"

"சாப்ட்டாலும் வராது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வராது."

"ஞாயித்துக்கெழம?"

"அன்னிக்கும் வராது நைனா."

தனக்குத் தெரிந்த நாளையெல்லாம் கேட்டான். பொங்கல் கேட்டான், கிறிஸ்மஸ் கேட்டான், தன் பிறந்த நாளைக் கேட்டான், மழைக்கு லீவு விடுகிற நாளைக் கூடக் கேட்டான். ஒன்றைக்கூட விடாமல் மிஸ் பதில் சொன்னார். மகளைக் கூட்டிப்போக வந்த நான் கேட்டுக்கு வெளியே நின்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன், வருவேன்னு சொல்லிச்சே என்றான்.

"சொல்லிச்சு. வர்றதுக்குத்தான் கெளம்பிச்சு. வழில அடிபட்டுருச்சு. உங்கம்மா உன்கிட்ட பொய் சொல்லல. நீ சாப்ட்டதுலயும் ஒரு தப்பும் இல்ல."

அதுவரைக்கும் அம்மா இல்லை என்று அழாத பையன் அப்போதுதான் அழுதான். அப்பன் வந்து தூக்கிக்கொண்டான். அவன் தோளில் கிடந்தபடியே பையன் மிஸ்ஸைப் பார்த்து, நீ வருவியா என்று கேட்டான். மிஸ் யோசித்துத்தான் பதில் சொன்னார். நாளைக்கு வருவேன் என்றார். அதற்கு மேல் ஒரு நாள்கூட அவர் சேர்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் பையனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பச்சைப் பிள்ளையிடம் போய்ச் செத்துப்போனாள் என்று சொல்லியிருக்கிறாள் பாவி என்று அத்தை தெருவில் நின்று கத்தினாள். பாதிப் பேருக்கு மேல் அவள் பக்கம். பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்கள்; அந்த வருஷத்தோடு பள்ளியே நின்றுபோனது. அந்த வீட்டில் இப்போது கூரியர் ஆபீஸ் நடக்கிறது. மிஸ் தங்கை வீட்டோடு போய்விட்டார் என்கிறார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அந்தப் பையன் அதற்கப்புறம் சோற்றை அள்ளி அடைக்கவில்லை என்று மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

விஷயத்தைச் சொன்ன மறுநாள் பையன் பள்ளிக்கு வரவில்லையே தவிர, மிஸ் அவனைப் பார்க்கப் போனார். நாளைக்கு வருவேன் என்று சொல்லியிருந்தாரே. பள்ளி விட்டதும் நேரே அவர்கள் சந்துக்குப் போய் வாசலில் நின்றார். கதவைச் சாத்தினார்கள். பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வந்துட்டேன் நைனா என்றார். கொஞ்ச நேரம் நின்றார். போறேன், நாளைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். அத்தை ஒரு நாள் பாத்திரம் கழுவின தண்ணீரை அவர் காலடியில் கொட்டினாள். மிஸ் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாராம். பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் காலையில் அவர்கள் குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, வள்ளூர்ப் பக்கம் அத்தை வீட்டுக்கே குடிபோய்விட்டார்கள். மிஸ்ஸிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்து மத்தியானம் நான் ஓடினேன். அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கதவு பூட்டியிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது.

"வீடு காலி பண்ணிட்டாங்க மிஸ். வள்ளூருக்குப் போயிட்டாங்களாம்."

"தெரியும். காலையிலயே சொன்னாங்க."

"பின்னே எதுக்கு வெயில்ல நிக்கீங்க?"

"வருவேன்னு நேத்து சொல்லிட்டேனே" என்றார்.

மற்ற நாள்களில் எவ்வளவு நேரம் நிற்பாரோ அவ்வளவு நேரம் நின்றார். நானும் கூடவே நின்றேன். பிறகு அந்தச் சாத்தின ஜன்னலைப் பார்த்து, போறேன் நைனா என்றார். அடுத்த வாக்கியத்துக்காக நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ் சொல்லவில்லை.